வேறு போன் வேண்டுமா? முதலில் சிம்மைப் பாருங்கள்

“ஆண்ட்ராய்டும் வேண்டாம், ஐபோனும் வேண்டாம். வேறு என்ன போன் வாங்கலாம்?” என்று யாராவது கேட்டால் நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். எந்த சிம் போட்டிருக்கிறீர்கள்? பணம் அனுப்புவது எந்த ஆப்பில்? கேட்டவருக்குச் சப்பென்று ஆகிவிடும். புதுசாக ஒரு ஓஎஸ் (போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) பெயரைச் சொல்வான், போய்த் தேடிப் பார்க்கலாம் என்று வந்திருப்பார். நானோ ரீசார்ஜ் கடைக்காரர் மாதிரி சிம்மை விசாரித்துக்கொண்டிருப்பேன்.

காரணம் இருக்கிறது. பிடித்த ஓஎஸ்ஸை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற போனைத் தேடிப் போனவர்களில், எனக்குத் தெரிந்த பலர் இரண்டே மாதத்தில் பழைய போனுக்குத் திரும்பிவிட்டார்கள். நானும் ஒருமுறை திரும்பினேன். வரிசையை மாற்றிப் போட வேண்டும். முதலில் சிம், அப்புறம் வங்கி, அப்புறம் போன் மாடல், கடைசியில்தான் ஓஎஸ். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

அதற்கு முன், ‘வேறு’ என்று எதையெல்லாம் சொல்கிறோம் என்று பார்த்துவிடலாம். மூன்று வகை.

ஒன்று, ஆண்ட்ராய்டின் திறமூலப் பகுதியை, அதாவது யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்து வைத்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கூகுளைக் கழற்றிவிட்டுச் செய்தவை. லினியேஜ் ஓஎஸ், முரேனா நிறுவனத்தின் இ ஓஎஸ், பிக்சல் போன்களில் மட்டும் ஓடும் கிராஃபீன் ஓஎஸ் ஆகியவை இந்த வகை. இதெல்லாம் ஆண்ட்ராய்டுதானே என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. வரட்டும். கூகுள் கணக்கு இல்லாமல் போன் வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் இதுவே போதும்.

இரண்டு, நிஜமான லினக்ஸ் போன்கள்; கணினிகளில் ஓடும் லினக்ஸ் என்ற திறமூல ஓஎஸ்ஸைப் போனுக்குக் கொண்டுவந்தவை. உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், ஃபின்லாந்தின் யொல்லா நிறுவனம் செய்யும் செயில்ஃபிஷ். சுவை இங்கேதான் இருக்கிறது, தொல்லையும் இங்கேதான்.

மூன்று, பட்டன் போன். ஜியோபோனில் இருந்த கை ஓஎஸ் இந்த வகை. இந்த மூன்றிலும் சேராமல் ஹுவாவேயின் ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்ட் என்று இன்னொன்று 2024-இல் வந்தது. அது சீனச் சந்தைக்கானது, ஆண்ட்ராய்டு ஆப்கள் அதில் நேரடியாக ஓடாது. நமக்கு இப்போதைக்கு அதில் வேலை இல்லை.

நம் நாட்டுக்கு இந்த ‘வேறு’ ஒன்றும் புதிதில்லை. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் போட்ட இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் 2014-இல் 1,999 ரூபாய்க்கு வந்தது. 2015 ஜனவரியில் சாம்சங் தன் டைசன் ஓஎஸ் போட்ட இசட்1 போனை முதலில் இறக்கியதே இந்தியாவில்தான், 5,700 ரூபாய்க்கு. 2016-இல் செயில்ஃபிஷ் போட்ட இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் வந்தது, 5,499 ரூபாய். மூன்றும் இன்று கடையில் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் கிளையிலிருந்து முளைத்த கை ஓஎஸ்தான் 2017-இல் 1,500 ரூபாய் முன்பணத்தில் ஜியோபோனாக வந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. அதற்கு 2018-இல் வாட்ஸ்அப் வந்தது. 2024-இல் புதிதாக இறக்கும் வழியை வாட்ஸ்அப்பே அடைத்தது. ஓஎஸ் நன்றாக இருந்தாலும், அதில் ஓடும் ஆப்பின் சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கும். இதை மறந்துவிட்டுப் பணம் போடாதீர்கள்.

செலவில்லாத வேலை: ஒரு வாரம், ஒரு தாள்

எதையும் வாங்கும் முன், ஏழு நாள் ஒரு தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எந்த ஆப்பைத் திறந்தீர்கள் என்று குறியுங்கள். வார முடிவில் அந்தப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: உலாவியிலேயே முடிந்துவிடுவது, மாற்று ஆப் கிடைப்பது, இரண்டுமே இல்லாதது.

முதல் பிரிவு நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும். ரயில் டிக்கெட், கரண்ட் பில், டிஜிலாக்கர், செய்தித்தாள், வங்கியின் நெட்பேங்கிங் எல்லாம் உலாவியில் நடக்கும். ஓடிபி குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது, அதற்கு எந்த போனும் போதும். இரண்டாம் பிரிவுக்கு எஃப்-டிராய்ட் என்ற ஆப் கிடங்கு இருக்கிறது; கூகுள் கணக்கு கேட்காது, திறமூல ஆப்கள் மட்டும் வைத்திருக்கும். வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ், யூடியூப் பார்க்க நியூபைப். இவற்றை இப்போது கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனிலேயே போட்டு ஒரு மாதம் பழகலாம். நான் பலரிடம் சொல்லும் முதல் யோசனையே இதுதான். இந்த ஒரு மாதமே தாங்கவில்லை என்றால் புது போனும் தாங்காது.

மூன்றாம் பிரிவில் வழக்கமாக நாலைந்துதான் மிஞ்சும். வாட்ஸ்அப், யுபிஐ, வங்கி ஆப், வாடகைக் கார், அலுவலகம் திணித்த ஏதாவது ஒன்று. உங்கள் முடிவு முழுக்க இந்த நாலைந்தைச் சுற்றித்தான்.

சிம்

முதல் தடவை உபுண்டு டச் போட்ட போனில் என் வழக்கமான சிம்மைச் செருகினேன். நெட் ஓடியது, மெயில் வந்தது, பாட்டு பாடியது. பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தட்டினார். “உங்க அம்மா என் நம்பருக்குக் கூப்பிட்டாங்க தம்பி. ரெண்டு நாளா உனக்கு லைனே போகலையாம். ஆள் நல்லா இருக்கானான்னு பார்க்கச் சொன்னாங்க.” போன் என் கையிலேயே இருந்தது, நாலு கோடு சிக்னலோடு. குற்றம் சிம்மில் இல்லை, யாரிடமும் இல்லை. ஓஎஸ்ஸின் ஆதரவுப் பட்டியலைப் படிக்காமல் அவசரப்பட்டவன் நான்.

நடந்தது இதுதான். 2ஜி, 3ஜி காலத்தில் பேச்சுக்கென்று தனிப் பாதை இருந்தது. 4ஜி-யில் அது கிடையாது, எல்லாமே டேட்டா. அந்த டேட்டா வழியிலேயே பேச்சை அனுப்பும் முறைக்குப் பெயர் வோல்ட்டி. அதைச் செய்யும் மென்பொருளை ஒவ்வொரு சிப் நிறுவனமும் போன் நிறுவனமும் மூடி வைத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் அந்தத் துண்டு கூடவே போய்விடுகிறது. அப்போது போன் என்ன செய்யும்? பக்கத்தில் 2ஜி இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதில் இறங்கிப் பேசும். இல்லாவிட்டால் அழைப்பே வராது.

ஆகவே கணக்கு எளிது. ஜியோ 2016-இல் தொடங்கியதே 4ஜி-யில்தான். அதற்கு 2ஜி கிடையாது. வோல்ட்டி இல்லாத போனில் ஜியோ சிம் டேட்டாவுக்கு மட்டும். ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) இரண்டும் 2ஜி-யை வைத்திருக்கின்றன. வோல்ட்டி இல்லாத போனுக்கு அவை உதவும். ஆனால் உங்கள் வீட்டுக்குள் 2ஜி எடுக்கிறதா என்பது வேறு விஷயம். பார்க்க எளிய வழி: இப்போதைய போனில் நெட்வொர்க் அமைப்புக்குப் போய் ‘2ஜி மட்டும்’ என்று மாற்றி, வீட்டில், அலுவலகத்தில், பஸ்ஸில் ஒரு நாள் முழுக்கப் பேசிப் பாருங்கள். சில போன்களில் அந்த விருப்பம் தெரியாது. ஒரு பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டுப் பார்த்தாலும் போதும்.

முதல் வகை ஓஎஸ்களில், அதாவது லினியேஜ், கிராஃபீன் போன்றவற்றில், போன் நிறுவனத்தின் மூடிய துண்டுகளை அப்படியே வைத்துக்கொள்வதால் வோல்ட்டி பெரும்பாலும் வேலை செய்யும். செயில்ஃபிஷ் சில சோனி மாடல்களில் தருகிறது. உபுண்டு டச்சில் மாடலுக்கு மாடல் வேறுபடும். போஸ்ட்மார்க்கெட்டில் வோல்ட்டியை நம்பி இறங்க வேண்டாம்.

அலைவரிசையையும் ஒரு பார்வை பாருங்கள், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால். இங்கே 4ஜி-க்கு பேண்ட் 3, 5, 8, 40 ஆகியவை முக்கியம். 40 இல்லாத அமெரிக்க, ஐரோப்பிய மாடல்கள் உண்டு. சிக்னல் காட்டும், மாலை நேரத்தில் நெட் ஊர்ந்துபோகும்.

அழைப்பு விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்கு இன்னொரு காரணம் 112. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவசரத்துக்குக் கூப்பிட முடியாத போனை ஒரே போனாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணம்

யுபிஐ ஆப்கள் இரண்டு சோதனை வைக்கின்றன. முதலாவது, போனிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, இந்த சிம் இந்த போனில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் சிக்கல் வராது. இரண்டாவதுதான் வம்பு. கூகுளிடம் “இந்த போன் தொழிற்சாலையில் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா?” என்று கேட்கிறது. போன் ஆன் ஆகும்போது எந்த ஓஎஸ் ஏறலாம் என்று பார்க்கும் காவல்காரனுக்குப் பெயர் பூட்லோடர். வேறு ஓஎஸ் போட அதன் பூட்டைத் திறக்க வேண்டும்; அப்படித் திறந்த போனுக்கு நல்ல பதில் வராது. ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும், அல்லது ‘பாதுகாப்பற்ற சாதனம்’ என்று சொல்லும்.

லினியேஜில் சில வங்கி ஆப்கள் ஓடும், சில ஓடாது. இன்று ஓடுவது அடுத்த அப்டேட்டில் நின்றுபோகலாம். கிராஃபீன் ஓஎஸ் இதில் கொஞ்சம் தேவலாம்: பிக்சலில் அதைப் போட்டபின் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடலாம், கூகுள் சேவைகளை வேண்டுமானால் தனிக் கூண்டுக்குள் சாதாரண ஆப்பாக ஓட விடலாம். அப்படியும் எல்லா வங்கியும் ஒத்துக்கொள்வதில்லை. லினக்ஸ் போனில் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்ட வேட்ராய்ட் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் யுபிஐ ஓடும் என்று எண்ணி வாங்காதீர்கள்.

சீல் உடையாத போன் மாதிரி நடிக்க வைக்கும் தந்திரங்கள் இணையத்தில் நிறைய கிடைக்கும். நான் செய்வதில்லை. பணம் இருக்கும் கணக்கு அது. சனிக்கிழமை ராத்திரி எவரோ எழுதிய கோப்பை நம்பி அதைத் திறக்க மனசு வரவில்லை.

மாற்றாக *99# இருக்கிறது. எந்த போனிலும், நெட் இல்லாமலே, யுபிஐ பணம் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே இன்னொரு வழி, பட்டன் போன்காரர்களுக்கென்றே வந்தது. இரண்டுமே மெதுவானவை. டீக்கடையில் வரிசை நிற்கும்போது *99#-இல் எண் தட்டிக்கொண்டிருந்தால் பின்னால் இருப்பவர் முறைப்பார். ஆகவே பர்ஸில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கார்டும். நான் இப்படித்தான் பழகினேன்; செலவுகூடக் கொஞ்சம் குறைந்தது.

அல்லது ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனை வங்கிக்கென்று வீட்டில் வைத்துவிடுங்கள். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போன் மாடல்

‘எந்த ஓஎஸ் நல்லது’ என்பதைவிட ‘எந்த மாடலுக்கு எது முழுசாக ஓடுகிறது’ என்பதே கேள்வி. உபுண்டு டச் திட்டத்தின் சாதனப் பக்கத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் அழைப்பு, கேமரா, ஜிபிஎஸ், புளூடூத், வோல்ட்டி என்று தனித்தனியாக ஆம், இல்லை போட்டிருப்பார்கள். போஸ்ட்மார்க்கெட்டின் விக்கியிலும் இப்படி அட்டவணை உண்டு. ‘டெஸ்டிங்’ என்ற பிரிவில் இருக்கும் மாடல் பக்கம் புதியவர் போகவே வேண்டாம். எழுபது எண்பது போன் பெயர்களைப் பார்த்து மயங்காதீர்கள். உங்கள் தாளில் இருப்பவை ‘ஆம்’ ஆக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாடல் பெயரில் ஒரு பொடி விஷயம். இந்த உலகத்தில் போனைக் கடைப் பெயரால் கூப்பிட மாட்டார்கள், உள்பெயரால்தான் கூப்பிடுவார்கள். பிக்சல் 3ஏ என்றால் சார்கோ. பிக்சல் 3ஏ எக்ஸ்எல் என்றால் போனிட்டோ. போக்கோ எஃப்1 பெரிலியம், ஒன்பிளஸ் 6 எஞ்சிலாடா. (சார்கோவும் போனிட்டோவும் மீன் பெயர்கள், எஞ்சிலாடா மெக்சிகோவின் சாப்பாட்டு ஐட்டம். பெயர் வைத்தவர்களுக்குப் பசி நேரம் போல.) சார்கோவுக்கான கோப்பை போனிட்டோவில் ஏற்றக் கூடாது. பெயர் பாதி ஒத்துப்போகிறது என்று ஏற்றி, போனைக் கல்லாக்கியவர்கள் உண்டு.

புது போன் வாங்கலாமா? லினக்ஸ் போனாகவே பிறந்தவை சில உண்டு. பைன்64 நிறுவனத்தின் பைன்போன், பியூரிசத்தின் லிப்ரம் 5. உபுண்டு டச்சோடும் கிடைக்கும் ஜெர்மனியின் வோல்லாவையும் சேர்த்துக்கொள்ளலாம். பைன்போனின் பின்மூடியை நகத்தாலேயே கழற்றலாம். உள்ளே குட்டிக் குட்டியாக ஆறு சுவிட்ச் வரிசையாக இருக்கும்; மோடம், வைஃபை, மைக், பின்கேமரா, முன்கேமரா, ஹெட்போன் என்று ஒவ்வொன்றையும் ஊசி முனையால் தள்ளி அணைத்துவிடலாம். பேட்டரி சாம்சங் ஜே7 அளவு, கழற்றி மாற்றலாம். கையில் எடுத்துப் பார்க்க ஆசையான பொருள். ஆனால் வேகம் பத்து வருஷத்துக்கு முந்தைய போன் மாதிரி இருக்கும், 2 அல்லது 3 ஜிபி ரேம்தான். இவை எதுவும் நம் ஊர்க் கடையில் கிடைக்காது. வரவழைத்தால் சுங்கவரி, ஜிஎஸ்டி எல்லாம் சேரும், கெட்டுப்போனால் சர்வீஸ் கிடையாது. செயில்ஃபிஷ்ஷுக்கு உகந்த சோனி எக்ஸ்பீரியாவும் 2019-க்குப் பிறகு இங்கே விற்பனைக்கு வரவில்லை. அதனால் முதல் போனுக்கு என் ஓட்டு செகண்ட் ஹேண்டுக்குத்தான்.

செகண்ட் ஹேண்ட் கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு சிம், சிம் குத்தும் ஊசி, ஹாட்ஸ்பாட் போடத் தெரிந்த இன்னொரு போன், இந்த மூன்றும் இருக்கட்டும். கல்லாவில் நின்றபடியே பார்க்க வேண்டியவை:

*#06# தட்டினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண் என்று தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா, போலி எண்ணா என்று பதில் வரும்.

அடுத்து, செட்டிங்ஸ் உள்ளே ‘அபௌட் போன்’ போய், ‘பில்ட் நம்பர்’ என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும். அதற்குள் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ என்று, பூட்லோடரைத் திறக்க அனுமதி தரும் ஒரு சுவிட்ச். அது நகர்ந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மங்கலாகி நகரவே இல்லையென்றால் உடனே போனைத் திருப்பித் தர வேண்டாம். பிக்சலில் ஒருமுறை நெட்டில் இணைந்த பிறகுதான் அந்த சுவிட்ச் உயிர் பெறும். அதற்குத்தான் ஹாட்ஸ்பாட். இணைத்தும் மங்கலாகவே இருந்தால், அது அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம் விற்ற போனாக இருக்கலாம். அது திறக்காது. பளபளவென்று இருக்கும், விலையும் குறைவாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

மற்ற கம்பெனிகளைப் பற்றிச் சுருக்கமாக: பழைய ஒன்பிளஸ் சுலபமாகத் திறக்கும். ஷாவ்மியிலும் போக்கோவிலும் கணக்கை இணைத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும், ஷாவ்மியின் புது ஹைப்பர் ஓஎஸ் வந்த பிறகு இன்னும் இறுக்கம். ஹுவாவே 2018-லேயே திறப்புக் குறியீடு தருவதை நிறுத்திவிட்டது.

கடைசியாக, முந்தைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கு வெளியேறிவிட்டதா, முதுகு உப்பியிருக்கிறதா (பேட்டரி வீங்கியிருந்தால் திரை ஓரம் லேசாகத் தூக்கும்), சார்ஜ் ஒயர் ஆட்டினாலும் நிற்கிறதா. ஒயர் ஆடினால் ஓஎஸ் ஏற்றும்போது பாதியில் அறுந்து போகும்.

இப்போது ஓஎஸ்

ஒரே ஒரு போன்தான் வைத்திருப்பேன், வாட்ஸ்அப் வேண்டும், அழைப்பு தவறக் கூடாது என்பவருக்கு முதல் வகைதான். பிக்சல் வாங்கப் பணம் இருந்தால் கிராஃபீன். பிக்சல் 8-லிருந்து கூகுள் ஏழு வருஷ அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறது, அந்த ஆயுள் கிராஃபீனுக்கும் உதவும். பணம் இல்லாவிட்டால், லினியேஜின் விக்கியில் பெயர் இருக்கும் ஏதாவது ஒரு போனில் லினியேஜ். 2016 கடைசியில் மூடிய சயனோஜென்மோட் என்ற ஓஎஸ்ஸின் வாரிசு அது. அதிகம் பேர் கைபட்டது, சந்தேகம் கேட்டால் பதில் கிடைக்கும். கூகுளைப் பற்றிய நினைப்பே வேண்டாம், ஆனால் எல்லாம் தயாராகவும் இருக்க வேண்டும் என்றால் இ ஓஎஸ். கூகுள் சேவைகளுக்குப் பதிலாக மைக்ரோஜி என்ற மாற்றுத் துண்டு அதில் முன்பே இருக்கும்.

இரண்டாவது போன், விளையாடிப் பார்க்க, கற்றுக்கொள்ள என்றால் உபுண்டு டச். கனோனிக்கல் நிறுவனம் 2017-இல் கைவிட்டதை யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வக் குழு எடுத்து வளர்த்துவருகிறது. இடது ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் ஆப் வரிசை எட்டிப்பார்க்கும். இரண்டு நாளில் கை பழகிவிடும், அப்புறம் மற்ற போன்களிலும் ஓரத்தை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். டெலிகிராமுக்கு டெலிபோர்ட்ஸ் என்ற ஆப் உண்டு. மற்றபடி அதன் ஆப் கிடங்கான ஓப்பன்ஸ்டோரில் இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்த வேண்டும்.

போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் 2017-இல் தொடங்கியது. பத்து வருஷம் ஒரு போன் உழைக்க வேண்டும் என்பது அதன் ஆசை. லினக்ஸ் கணினி பழக்கம் உள்ளவருக்குத் தாராளமாகச் சொல்வேன். டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் திரையைப் பார்த்தால் பயம் என்பவருக்குச் சொல்ல மாட்டேன்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. கூகுளிடமிருந்து தள்ளியிருப்பது வேறு, திருடனிடமிருந்து தள்ளியிருப்பது வேறு. பூட்லோடர் திறந்த பழைய போன், கையில் எடுத்தவன் எதையும் ஏற்றக்கூடிய போன். சிப் நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திய மாடலில், மேலே புது ஓஎஸ் இருந்தாலும் அடியில் பழைய ஓட்டைகள் அப்படியே இருக்கும். உங்கள் பயம் எது என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள்.

தமிழையும் பார்த்துவிடுங்கள். முதல் வகையில் கவலை இல்லை. கூடவே வரும் விசைப்பலகையிலேயே தமிழ் இருக்கும், தமிழ்99 வேண்டுமென்றால் இண்டிக் கீபோர்டு இருக்கிறது. லினக்ஸ் போன்களில் வாங்கும் முன்பே விசாரியுங்கள். போஸ்ட்மார்க்கெட்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், நோட்டோ தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். நிறுவியபின் ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றவையும் வரும்.

ஏற்றும் நாள்

ஓய்வான நாளாகப் பாருங்கள். மறுநாள் ஊருக்குப் போகும் வேலை இருக்கக் கூடாது. பூட்லோடரைத் திறந்த கணத்தில் போனில் உள்ள எல்லாம் அழியும். படங்கள், தொடர்பு எண்கள் எல்லாவற்றையும் முதலில் கணினிக்கு மாற்றுங்கள்.

கணினியில் ஏற்றும் வேலை நினைப்பதைவிட எளிது. உபுண்டு டச்சுக்கு யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர் இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும். கிராஃபீனுக்கு உலாவியிலேயே ஏற்றும் வசதி உண்டு. லினியேஜுக்குத்தான் கட்டளைகளைத் தட்ட வேண்டும். மாடலுக்கென்று உள்ள பக்கத்தை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை படித்துவிட்டு அப்புறம் தொடங்குங்கள். எந்த ஆண்ட்ராய்டு பதிப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் வரி அது. உதவி கேட்டு வரும் போன்களில் பாதி அந்த வரியில்தான் விழுந்திருக்கும்.

ஒயர் நல்லதாக இருக்கட்டும், டேட்டா போகும் ஒயராக இருக்கட்டும். சார்ஜுக்கு மட்டும் ஆகும் ஒயரை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிறு முழுக்க “கணினி போனைப் பார்க்கவே இல்லையே” என்று உட்கார்ந்திருக்கிறேன். போனின் பழைய ஓஎஸ் கோப்பை, அதாவது கம்பெனி தந்ததை, முன்பே இறக்கிப் பென்டிரைவில் போட்டுவிடுங்கள். திரும்பிவர அதுதான் வழி.

ஏற்றியதும் *#06# மறுபடி தட்டி, ஐஎம்இஐ பழைய எண்ணேதானா என்று பாருங்கள். பிறகு யாரையாவது கூப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் கூப்பிட்டுப் பார்ப்பது போதாது. வருகிற அழைப்பு வேறு கதை. அதுவும் போனை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் தூங்கவிட்டபின் கூப்பிடச் சொல்லுங்கள். சில லினக்ஸ் போன்கள் ஆழ்ந்து தூங்கிவிடும், மணி அடித்தால் எழாது. ஒரு ஓடிபி வரவழைத்துப் பாருங்கள். காலை அலாரம் அடிக்கிறதா என்று, விடுமுறை நாளில் பாருங்கள்.

பழைய போனை விற்றுவிடாதீர்கள். என்னுடையது அலமாரியில் சார்ஜரோடு இருக்கிறது, வங்கி ஆப்பும் வாட்ஸ்அப்பும் அதில்தான். கையில் இருக்கும் போனில் வாட்ஸ்அப்பை உலாவி வழியாக இணைத்திருக்கிறேன். அசல் போனில் 14 நாளுக்கு மேல் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இந்த இணைப்பு அறுந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறும் நேரத்தில், அலமாரியைத் திறந்து அதை ஒருமுறை தட்டி எழுப்பிவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன்.